கையில் மண் படாமல் தோட்டம் பார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்குச் செடி வளர்க்க வராது. தண்ணீரே வேண்டாம் என்று நிற்கும் கள்ளியைக்கூட ஊற்றி ஊற்றி அழுகவைத்த கை இது. ஆனால் பிறர் வளர்த்த தோட்டங்களைப் பார்ப்பதில் எனக்கு நெடுநாள் பழக்கம் உண்டு. அந்தத் தகுதியை நம்பிச் சிலர் கேட்ட கேள்விகளும் என் பதில்களும் இவை. உரம், பூச்சி, ஒட்டுக் கட்டுதல் பற்றித் தெரிந்துகொள்ள வந்தவர்கள் இந்த இடத்திலேயே திரும்பிவிடலாம். அவர்கள் நேரம் மிச்சமாகும்.

செடி வளர்க்காதவருக்குத் தோட்டத்தில் என்ன வேலை?

ஒரு வேலையும் இல்லை. அதுதான் வசதி.

முல்லைக் கொடி பற்றிப் படர ஒன்றும் இல்லாமல் காற்றில் ஆடியதைக் கண்டு தன் தேரையே விட்டுவிட்டுப் போனான் பாரி. அந்தக் கொடியை நட்டவன் அவன் இல்லை, தண்ணீர் ஊற்றியவனும் இல்லை. வழியே போனவன்; நின்று பார்த்தான். அவ்வளவுதான் அவனுக்கு இருந்த தகுதி. "ஒரு கழி ஊன்றினால் போதாதா, தேர் எதற்கு?" என்று கேட்பவரே தோட்டக்காரர். இரண்டு பேரும் வேண்டியவர்கள்தான்.

இன்னொன்றும் உண்டு. மரம் வைத்தவர் அதன் முழு வடிவத்தைப் பார்ப்பது அரிது. 18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பெரும் பூங்காக்களை வடிவமைத்த லான்சலாட் பிரவுன் 1783-இல் இறந்துபோனார். ஏரிக்கரையில் எந்த இடத்தில் எந்த மரத்தொகுதி நின்றால் அழகு என்று அவர் மனத்தில் வரைந்த காட்சி கண்ணெதிரே வந்தபோது அவர் இல்லை. பார்க்க வேறு யாரோதான் வர வேண்டியிருந்தது.

என்ன இருந்தாலும் தோட்டக்காரருக்குத் தெரிவது நமக்குத் தெரியுமா?

தெரியாது. அவருக்குத் தெரிவது வேறு, நமக்குத் தெரிவது வேறு. எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். அருமையான தோட்டம் வைத்திருக்கிறார். அவரோடு அங்கே உட்கார்ந்து பத்து நிமிடம் பேச முடியாது. ஒரு களையைப் பிடுங்க எழுந்து போவார். வந்து உட்கார்ந்ததும் எங்கோ சாய்ந்த முட்டுக்கழி கண்ணில் படும். அடுத்து ஒரு நத்தை. இன்று அவர் எதிரே இருக்கும் தோட்டத்தை அவர் பார்க்கவே இல்லை. போன ஆண்டுத் தோட்டத்தோடு ஒப்பிட்டுக்கொண்டும் அடுத்த மாதத் தோட்டத்துக்குக் கவலைப்பட்டுக்கொண்டும் இருக்கிறார். இன்றைய தோட்டம் முழுவதும் எனக்கே கிடைத்துவிடுகிறது.

வெறுமனே பார்த்தவர்கள் பெரிய விஷயங்களையும் கண்டிருக்கிறார்கள். ஜான் ஜாக் டி மேரான் என்ற பிரெஞ்சுக்காரர் வானியல் அறிஞர்; செடிகள் அவர் துறை அல்ல. பகலில் இலை விரித்து இரவில் மூடிக்கொள்ளும் தொட்டாற்சிணுங்கியை 1729-இல் அவர் இருட்டில் வைத்துப் பார்த்தார். வெளிச்சமே இல்லாமலும் அது வேளை தவறாமல் விரித்து மூடியது. உயிர்களுக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது என்ற ஆராய்ச்சிக்கு அதுதான் முதல் அடி.

ஒரு செடியின் பெயரும் எனக்குத் தெரியாது. பெயர்ப் பலகை படித்தே களைத்துப்போகிறேன். என்ன செய்வது?

பலகையைப் படிக்காதீர்கள். குறைந்தது முதல் சுற்றில் வேண்டாம். பெயர் தெரிந்ததும் கண் அடுத்த செடிக்குத் தாவிவிடும். விருந்தினரின் பெயரைக் கேட்டுக்கொண்டு முகத்தைப் பார்க்காமல் விடுவது போலத்தான் அது.

பெயருக்குப் பதிலாகத் தமிழ் உங்களுக்கு வேறொரு கருவியைக் கொடுத்திருக்கிறது. ஒரே பூவின் பருவங்களுக்கு நம்மிடம் ஏழு சொற்கள் உண்டு: அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல். தலைகாட்டும்போது அரும்பு. திரண்டால் மொட்டு. இதோ விரியப்போகிறது என்னும்போது முகை. விரிந்தது மலர். முழுக்க விரிந்து பரந்தது அலர். உதிர்வது வீ. உதிர்ந்து வாடிக் கிடப்பது செம்மல். இந்த ஏழையும் மனப்பாடம் செய்துகொண்டு, பெயர் தெரியாத ஏதாவது ஒரு செடியின் முன்னே போய் நில்லுங்கள். ஏழில் எத்தனை அதில் இருக்கின்றன என்று தேடுங்கள். மலரும் மொட்டும் உடனே கிடைத்துவிடும். முகைக்கும் மொட்டுக்கும் நடுவே கோடு எங்கே என்று திணறுவீர்கள். அந்தத் திணறல்தான் பார்ப்பது. செம்மலுக்குக் குனிந்து தரையைப் பார்க்க வேண்டும். பெரும்பாலானவர்கள் தோட்டத்தில் தரையைப் பார்ப்பதே இல்லை.

இலைக்கும் அப்படியே: கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு. ஒரு மாமரத்தைப் பார்த்தால் தளிர் செம்புநிறமாகத் தொங்குவதும் முதிர்ந்த இலை கரும்பச்சையாக விறைத்து நிற்பதும் ஒரே கிளையில் தெரியும். பூக்களையும் முன்னோர் இடம் பார்த்துப் பிரித்தார்கள்: கிளையில் பூப்பது கோட்டுப்பூ, பின் கொடிப்பூ, நிலப்பூ, நீர்ப்பூ. உலகின் எந்த மூலையில் எந்தத் தோட்டத்துக்குள் நுழைந்தாலும் இந்த நான்கு பெட்டிகள் உங்கள் கையில் இருக்கும். லத்தீன் பெயர்கள் பிறகு, ஆசைப்பட்டால் மட்டும்.

எந்த நேரத்தில் போவது நல்லது?

நடுப்பகல் வேண்டாம். உச்சி வெயிலில் நிழல் செடிக்கு அடியிலேயே சுருண்டுவிடுகிறது. எல்லாம் தட்டையாகத் தெரியும். காலையும் மாலையும் சாய்ந்த ஒளி இலையின் பின்னாலிருந்து வரும்போது நரம்புகள்கூடத் தெரியும். ஆகவே சூரியனை எதிரே வைத்துக்கொண்டு நடக்கும் பாதையைத் தேர்ந்தெடுங்கள்.

எனக்குப் பிடித்தது பொழுது சாய்ந்த பிறகான அரை மணி நேரம். அப்போது ஒரு விந்தை நடக்கும். பகலெல்லாம் கண்ணைப் பறித்த சிவப்புப் பூக்கள் கருத்து மங்கும். அதுவரை யாரும் கவனிக்காத நீலப் பூக்கள் உள்ளே விளக்கு ஏற்றியது போல எழுந்து வரும். இது பூக்களின் வேலை அல்ல, நம் கண்ணின் வேலை. ஒளி குறையும்போது நம் பார்வை சிவப்பை விட்டு நீலத்தின் பக்கம் சாய்கிறது. 1819-இல் இதைக் கவனித்த செக் அறிஞர் புர்க்கின்யேவின் பெயரால்தான் இந்த விளைவை இன்றும் அழைக்கிறார்கள். மருத்துவரான அவருக்குத் தோட்டக்கலையோடு தொடர்பு இல்லை என்பதை ஒரு சிறு பெருமையுடன் குறிப்பிடுகிறேன்.

இன்னும் இருட்டினால் வெள்ளை மட்டும் மிஞ்சும். அந்திக்குப் பின் விரியும் பூக்களில் பல வெள்ளையாகவும் வாசனை மிக்கதாகவும் இருப்பதற்குக் காரணம் உண்டு: அவை காத்திருப்பது விட்டில்களுக்காக. நிறம் தெரியாத இருட்டில் வெண்மையும் மணமும்தான் அழைப்பு. ரங்கூன் மல்லியை மூன்று நாள் தொடர்ந்து பாருங்கள். மாலையில் வெள்ளையாக விரியும், மறுநாள் இளஞ்சிவப்பாகும், அதன்பின் நல்ல சிவப்பு. ஒரே கொத்தில் மூன்று நிறமும் இருந்தால் அதில் மூன்று வயது இருக்கிறது என்று பொருள். இரவில் பார்ப்பதற்கென்றே தோட்டம் போட்டவர்களும் உண்டு. ஆக்ராவில் தாஜ்மகாலுக்கு நேர் எதிரே, யமுனையின் மறுகரையில் இருக்கும் மஹ்தாப் பாக் என்ற பெயரின் பொருளே நிலவொளித் தோட்டம்.

மழை விட்டவுடன் போக வாய்த்தால் விடாதீர்கள். மண்வாசனைக்கு முக்கியக் காரணம் மண்ணில் வாழும் ஒருவகை நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருள். காற்றில் லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே மனித மூக்கு அதைப் பிடித்துவிடும். செருப்பு அழுக்காகும், உண்மைதான்.

புதிய தோட்டத்தில் எங்கே தொடங்கி எப்படி நடப்பது?

பல தோட்டங்களில் அதைத் தோட்டமே சொல்லும். சில இடங்களில் அரசர் சொல்லியிருக்கிறார். பதினான்காம் லூயி, வெர்சாய் தோட்டத்தை எப்படிச் சுற்றிக் காட்ட வேண்டும் என்று 1689-இல் தாமே ஒரு வழிகாட்டி எழுதினார். அரண்மனையை விட்டு வெளியே வந்து மேல்தளத்துக்குப் போக வேண்டும், படிகளின் உச்சியில் நிற்க வேண்டும், பாத்திகளின் அமைப்பைப் பார்க்க வேண்டும் என்று அதிகாரத் தோரணையில் போகும் அது. ஆனால் ஆலோசனை சரியானது: உயரமான இடத்தில் நின்று முழுவதையும் ஒருமுறை பார்த்துவிட்டு இறங்குவது நல்லது. அதே தோட்டத்தில் எல்லா நீரூற்றுகளையும் ஒரே நேரத்தில் இயக்கத் தண்ணீர் போதவில்லை. அரசர் நெருங்கும்போது ஊழியர்கள் சீழ்க்கை அடித்து ஒருவருக்கொருவர் சொல்லி ஊற்றைத் திறப்பார்கள். அவர் கடந்ததும் மூடிவிடுவார்கள். தன் தோட்டத்தைத் தானே முழுதாகப் பார்க்காத அரசர் என்று நான் அவரை நினைத்துக்கொள்வேன்.

ஜப்பானியத் தோட்டங்களில் கட்டளையைக் கற்கள் இடுகின்றன. பாதைக் கற்கள் சிறியவையாக, ஒழுங்கின்றிக் கிடந்தால் நீங்கள் காலைப் பார்த்துத்தான் நடப்பீர்கள். ஓர் இடத்தில் அகலமான கல் வரும். கால் ஊன்றும், தலை தானாக நிமிரும். அந்த இடத்தில் உங்களுக்காக ஒரு காட்சி காத்திருக்கும்.

நடக்கவே வேண்டாத தோட்டமும் இருக்கிறது. கியோட்டோ நகரின் ரியோவான்ஜி கோயிலில் வெண்சரளை பரப்பிய செவ்வகத்தில் 15 பாறைகள். உள்ளே இறங்க அனுமதி இல்லை. திண்ணையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். எங்கே உட்கார்ந்தாலும் 14 பாறைகள்தான் தெரியும்; ஏதாவது ஒன்று இன்னொன்றின் பின்னால் மறைந்துகொள்ளும். கழுத்தை நீட்டி எண்ணிப் பார்க்காதவர் யாரும் இருக்க முடியாது.

இவை எதுவும் இல்லாத தோட்டத்தில் என் வழக்கம் இது: வேகமாக ஒரு சுற்று, பிறகு பிடித்த ஓரிடத்துக்குத் திரும்பிப் போய் நெடுநேரம் உட்காருதல். உட்கார இடமே வைக்காத தோட்டத்தை அமைத்தவர் மீது எனக்குச் சற்றுக் கோபம் உண்டு.

பூ இல்லாத பருவத்தில் போய் என்ன பயன்?

எலும்பைப் பார்க்கலாம். பூக்காலத்தில் பாதையின் வளைவும் மரத்தின் கிளைப்பும் மறைந்துவிடும். பூ போனபின் தோட்டத்தின் வடிவம் நன்றாக இருந்தால் அது உண்மையிலேயே நல்ல தோட்டம். நெதர்லாந்தின் தோட்ட வடிவமைப்பாளர் பீட் அவுடோல்ஃப், காய்ந்த தண்டும் விதைத்தலையும் எப்படி நிற்கும் என்று பார்த்தே செடிகளைத் தேர்ந்தெடுப்பவர். நியூயார்க்கில் கைவிடப்பட்ட உயர்மட்ட ரயில்பாதையின் மேல் 2009-இல் திறந்த ஹைலைன் பூங்காவின் செடி அமைப்பு அவருடையது. குளிர்காலத்தில் அங்கே பழுப்பு நிறத்தில் மட்டும் எத்தனை வகை என்று எண்ணலாம்.

படம் எடுக்கலாமா?

எடுங்கள், திரும்பும் வழியில். நுழையும்போதே கேமராவை எடுத்தால் அதன் சட்டத்துக்குள் அடங்குவது மட்டும்தான் கண்ணில் படும்.

தாவரவியல் பூங்கா சாதாரணத் தோட்டத்திலிருந்து எப்படி வேறுபடுகிறது?

அது ஒரு நூலகம். செடிகள் அங்கே அழகுக்காக அன்றி ஆவணமாக நிற்கின்றன. 1545-இல் இத்தாலியின் பாதுவா நகரில் மருத்துவ மாணவர்களுக்காகத் தொடங்கிய தோட்டம் அதே இடத்தில் இன்றும் இருக்கிறது. அழகை மட்டும் எதிர்பார்த்துப் போனால் இத்தகைய இடங்கள் சற்று வறண்டு தெரியலாம். கதைகளுக்காகப் போங்கள்.

லண்டன் கியூ தோட்டத்தில் பனைபோல் தோன்றும், ஆனால் பனை அல்லாத சைக்காட் வகைச் செடி ஒன்று நிற்கிறது. 1895-இல் தென்னாப்பிரிக்கக் காடு ஒன்றில் ஜான் மெட்லி வுட் என்பவர் இதன் ஒரே ஒரு புதரைக் கண்டார். அது ஆண். பெண் செடியை அன்றிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறார்கள், கிடைக்கவில்லை. காட்டில் அந்த இனமே இப்போது இல்லை. உலகத் தோட்டங்களில் இருப்பவை எல்லாம் அந்த ஒற்றைச் செடியின் பக்கக் கன்றுகளிலிருந்து வந்தவை; கியூவுக்கு 1899-இல் ஒன்று வந்து சேர்ந்தது. பார்வைக்கு அதில் வியக்க ஒன்றும் இல்லை. கதை தெரிந்தவர் மட்டும் அதன் முன் நிற்பார்.

ஒரு துண்டு கிள்ளிக்கொண்டு வரலாமா? யாருக்கும் தெரியப்போவதில்லை.

கூடாது. கேட்டு வாங்கலாம். பாதுவா தோட்டத்தில் 1585-இல் நட்ட ஒரு பனை இருக்கிறது. 1786-இல் அங்கே வந்த கவிஞர் கதே அதன் இலைகளைக் கவனித்தார்: தரையை ஒட்டிய இளம் இலை ஈட்டிபோல் ஒற்றையாகவும், மேலே போகப்போகப் பிளந்து பிளந்து விசிறியாகவும் இருந்தது. ஆசை வந்தது. தோட்டக்காரரைக் கேட்டார், அவர் வரிசையாக வெட்டிக் கொடுத்தார். அட்டைகளுக்கு நடுவே வைத்துச் சுமந்து போனார் கதே. இலைதான் உருமாறி உருமாறிப் பூவிதழ் உட்பட எல்லா உறுப்புமாகிறது என்று அவர் 1790-இல் எழுதியதற்குப் பின்னால் அந்தப் பனையும் இருக்கிறது. அந்தப் பனைக்கு இப்போது தனிக் கண்ணாடி வீடு.

பிறர் வீட்டுத் தோட்டத்தை எட்டிப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறதே?

வேலிக்கு வெளியே நின்று பார்ப்பதில் தவறில்லை. வீட்டுக்காரர் தலை தெரிந்தால் ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்கள். கூச்சத்துக்கு இங்கிலாந்தில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். 1927-இல், வீடு வீடாகச் சென்று நோயாளிகளைப் பார்க்கும் செவிலியருக்கு நிதி திரட்ட, தனியார் தோட்டங்களைத் தலைக்கு ஒரு ஷில்லிங் வாங்கிக்கொண்டு திறந்துவிட்டார்கள். முதல் ஆண்டிலேயே 609 தோட்டங்கள் திறந்தன. அந்த ஏற்பாடு இன்றும் நடக்கிறது. தோட்டம் வைத்திருப்பவருக்கும் பார்க்க ஆள் வேண்டும் என்பது எனக்கு அதிலிருந்து புரிந்தது.

பேச்சுக் கொடுக்க ஒரு வழி: "எப்படி இவ்வளவு நன்றாக வளர்த்தீர்கள்?" என்று கேட்காதீர்கள், வெட்கப்பட்டு நழுவிவிடுவார். "இதில் உங்களை மிகவும் படுத்திய செடி எது?" என்று கேளுங்கள். பிறகு நாற்காலி போட வேண்டியிருக்கும்.

குழந்தைகளை அழைத்துப் போகலாமா?

போகலாம், பூவைக் காட்டி "அழகு" என்று சொல்லாமல் இருந்தால். அளவும் அசைவும் நாற்றமும்தான் அவர்களுக்கு வேண்டும். 1849-இல் ஜோசப் பாக்ஸ்டன் அமேசானின் ராட்சத அல்லியை இங்கிலாந்தில் முதன்முதலாகப் பூக்கவைத்தபோது, தன் சிறு மகளை அதன் இலைமேல் நிற்கவைத்துக் காட்டினார். இலை தாங்கியது. உங்கள் குழந்தையை நிற்கவைக்க யாரும் விடமாட்டார்கள், கதையைச் சொல்லலாம்.

நடக்க முடியாதவர், கண் தெரியாதவர் என்ன செய்வது?

கண்ணால் பார்ப்பது தோட்டத்தில் ஒரு பங்குதான். கசக்கினால் மணக்கும் இலைகள் பாதையோரம் கைக்கு எட்டும் உயரத்தில் இருந்தால் போதும், பொழுது போவது தெரியாது. ஒலியிலும் வேறுபாடு உண்டு: மூங்கில் உரசி முனகும், பனை ஓலை சடசடக்கும், அரச இலைக்கு நீண்ட மெல்லிய காம்பு இருப்பதால், மற்ற மரங்கள் அசையாத காற்றிலும் சலசலக்கும்.

படுக்கையில் இருப்பவருக்கு ஜன்னல். பென்சில்வேனியா மருத்துவமனை ஒன்றில் பித்தப்பை அறுவைச் சிகிச்சை முடிந்தவர்களின் பதிவேடுகளை ராஜர் உல்ரிச் ஆராய்ந்து 1984-இல் வெளியிட்டார். 23 பேருக்கு ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்தன, 23 பேருக்குச் செங்கல் சுவர். மரம் பார்த்தவர்கள் விரைவில் வீடு திரும்பினார்கள். கடுமையான வலி மருந்தும் குறைவாகவே கேட்டார்கள். சிறிய ஆய்வுதான், 46 பேர். ஆனாலும் நோயாளியின் கட்டிலைத் திருப்பிப் போட அது போதுமான காரணம்.

உலகமே புகழும் தோட்டம் எனக்குச் சலித்துவிட்டது. குறை என்னிடமா?

இல்லை. நெதர்லாந்தின் கியூகன்ஹோஃப் தோட்டத்தில் ஆண்டுதோறும் ஏறக்குறைய 70 லட்சம் கிழங்குகள் நட்டு, வசந்தத்தில் எட்டு வாரம் திறந்துவைக்கிறார்கள். அதைக் கண்டு கண்கலங்குபவர்கள் இருக்கிறார்கள். எனக்கோ எல்லோரும் ஒரே நேரத்தில் உரக்கப் பாடுவது போல இருக்கிறது. யானை, கோபுரம் என்று கத்தரித்த புதர்களும் என்னை வெளியே விரட்டுபவை. உங்களுக்குப் பிடிக்கலாம்; பிடித்தால் அங்கேயே இருங்கள், நான் வாசலில் காத்திருக்கிறேன்.

இவ்வளவு பார்த்தபின் நானும் ஒரு செடி வைத்தால் என்ன என்று தோன்றுகிறதே?

வையுங்கள், தடுக்கமாட்டேன். ஒன்றோடு நிறுத்த முடிந்தால் நிறுத்துங்கள். என் நண்பரும் ஒன்றில்தான் தொடங்கினார். நான் அந்தக் கள்ளி போன தொட்டியை எறிய மனமில்லாமல் அப்படியே வெளியே வைத்திருந்தேன். மழைக்குப் பின் அதில் எதுவோ தானாக முளைத்தது. நான் தண்ணீர் ஊற்றவில்லை, ஊற்றவும் போவதில்லை. பெயர் தெரியாது. போன வாரம் அரும்பு. நேற்றுப் பார்த்தபோது முகை.